ஒயில் பிரஷர் சரியாக இருக்கிறது

வேலை முடிந்து கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கும்போது எல்லாப் பஸ்களும் ஒன்றாக இரைந்தால், எனக்கு ஏதோ பழுது என்றுதான் முதலில் தோன்றும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்ட என்னைத்தான் மாமா தன் விமானத்தில் உட்காரவைத்துச் சத்தம் பார்த்தார்.

மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். கல்யாணமான வருஷமே வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஒரு விமான நிலையத்தில் பல வருஷம் வேலை செய்துவிட்டு, காதோரம் நரைத்தபின் அம்பிட்டியவுக்குத் திரும்பி வந்தார். கிழமை நாட்களில் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டசாலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மரக்காலையில், பழைய மரக்கிடங்கில், விமானம். அலுமினியத் தகடு, பழைய கார் எஞ்சின், இரண்டு பேருக்கு இடம்.

நாட்டில் சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. நம்ம தமிழ் ஆள் ஒருவர் விமானம் கட்டுகிறார் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார். அந்தப் பயம் அப்படியே எனக்கும் வந்தது. மாமா தானாகவே பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் போய்ச் சொல்லி, அவர்களைக் கூட்டிவந்து காட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். இரண்டு பொலிஸ்காரர்கள் அதில் ஏறி உட்கார்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள்.

அத்தைதான் ஏறவில்லை. ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம். எஞ்சினைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

"தகர டப்பாவுல போட்டுக் குலுக்குற மாதிரி இருக்குங்க. நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கல. கேக்குற மாதிரி செய்ங்க, ஏறுறேன்."

அது வராமல் இருப்பதற்கு ஒரு சாட்டு என்று அம்மாவுக்கு விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியது. மாமாவுக்கு அது ஒரு பழுதாகப் பட்டது. பழுது என்றால் அவருக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் மரக்காலையின் கதவுகளை மூடி இருட்டாக்கி, விமானத்துக்குள் டோர்ச் அடித்தார். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கேதான் சத்தமும் வரும் என்றார். அந்த இடுக்குகளையெல்லாம் பழைய பிரிஜ் கதவுகளிலிருந்து உரித்த இறப்பரால் அடைத்தார். எஞ்சின் பக்கத்துத் தகட்டில் கனமான இறப்பர் சீட்டை ஒட்டி, அதன்மேல் மெத்தையை வெட்டி வைத்தார். வீட்டிலிருந்த இரண்டு மெத்தைகளில் ஒன்று காணாமல் போயிருந்தது. அத்தை திட்டவில்லை. "அப்ப இனி எங்க படுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னை அத்தையின் ஆசனத்தில் உட்காரவைத்து எஞ்சினைப் போடுவார். அவர் ஏதாவது சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. புகை உள்ளே வந்துவிடுமோ, ஆணி கழன்றுவிடுமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பிறகு பிறகு சொற்கள் வந்தன. "பெரஹரா ஊர்வலம் பாக்கப் போவமா?" என்பார். "அந்த நீலச் சாரி உனக்கு நல்லாருக்கு" என்பார். என்னிடம் சாரியே கிடையாது. சத்தம் பார்க்கச் சொல்வதுதானே என்று நானும் கத்தித் திருப்பிச் சொல்வேன்.

அப்பாதான் சுற்றிச் சுற்றி வந்து தலையில் கை வைத்தார்.

"அத்தான், இது இப்ப பிளேன் இல்ல, அலுமாரி. இத எந்த எஞ்சினும் தூக்காது."

பாரம், இறக்கை இதையெல்லாம் சொல்லித்தருகிற வகுப்புக்குப் போகுமுன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அப்பா சொன்னதைத்தான் சொல்கிறேன். இறப்பர் ஒட்டுவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் சக்கரங்கள் நிலத்தைவிட்டு ஒரு சாண் எழும்பியதாம்.

கடைசியில் அத்தை வந்தார். சொன்ன சொல்லுக்காக வந்தார், அவ்வளவுதான். "இவளும் வரட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசனங்களுக்குப் பின்னால் பை வைக்கிற இடத்தில் நான் குந்திக்கொண்டேன். கதவு பிரிஜ் கதவு மாதிரியே பொத்தென்று மூடியது. எஞ்சின் ஓடியது. எங்கேயோ பக்கத்து வீட்டில் மாவரைக்கிற மாதிரித்தான் இருந்தது.

"கேக்குதா?" என்றார் மாமா.

"கேக்குது. சொல்லுங்க."

நான் காத்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், பெரஹராவா சாரியா என்பதுதான் சந்தேகம். மாமா முன்னாலிருந்த மீற்றர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒயில் பிரஷர் சரியா இருக்கு."

"ம்" என்றார் அத்தை.

சொல்ல வேண்டியதை மாமா மறந்துவிட்டாரோ என்று பயந்து பின்னாலிருந்து அவர் முதுகில் குத்தினேன். திரும்பவில்லை. விமானம் மரக்காலைக்கு முன்னாலிருந்த வெட்டவெளியின் கோடிவரை குதித்துக் குதித்து ஓடியது, எழும்பாமல் திரும்பி வந்தது. அத்தை இறங்கி, சாரியை உதறிக்கொண்டு, "சத்தம் கொறஞ்சுதான் இருக்கு" என்றார். பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, கண்டி வரும்வரை கண்ணை மூடியே வந்தார். தூங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா சுரண்டுகிற தகடும் ஸ்க்ரூ டிரைவருமாக மரக்காலைக்கு வந்தார். "இதெல்லாத்தையும் உரிச்சிருவோம், அத்தான். நீங்க மட்டும் ஏறினா வர்ற கிழமையே பறக்கும்."

"இருக்கட்டும்" என்றார் மாமா.

சற்று நேரத்தில் அத்தையும் வந்தார். யாரும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானாகவே ஏறினார். மாமாவும் ஏறி எஞ்சினைப் போட்டார். கதவு மூடியது. இறப்பரும் மெத்தையும் உள்ளே இருந்தவர்களுக்குத்தானே, வெளியே நின்ற எனக்குக் காது கிழிந்தது. கண்ணாடியில் வெயில் பட்டதால் யாருடைய வாய் அசைந்தது என்றும் தெரியவில்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்தும் அவர்கள் இறங்கவில்லை.

அந்த விமானம் பறக்கவே இல்லை. மாமாவைப் போல ஒரு சோம்பேறி கிடையாது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இறப்பரை உரிக்க ஒரு நாள் போதும்.