கமலவேணியின் காலியிடம்

காஜா பெராங் வட்டாரத்தில் இருந்த அரசு முதியோர் இல்லத்தில் கமலவேணி நான்கு ஆண்டுகளாக நாள்கூலிக்கு வேலை பார்த்தாள். யாரோ ஒருத்தி விட்டுப் போன நிரந்தர வேலை அது. அரசாங்கக் கணக்கில் அந்த இடம் காலி. பெரியவர்களைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கை மாற்றியதெல்லாம் அவள்தான். புருஷன் போனபின் இரண்டு பிள்ளைகளின் வயிறும் அந்தக் கூலியில்தான் நிறைந்தது.

மெர்டேக்கா என்று நாட்டுக்கு விடுதலை கிடைத்த மறு ஆண்டு, காலியிடங்களைக் கணக்கெடுக்க மாநில அலுவலக எழுத்தர், கிராணி தம்பிராஜா வந்தார். தலைமைப் பணியாள் பொன்னம்மா ஓடிவந்து, அப்துல் அஜீஸ் பெரியவருக்கு மீன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கமலவேணியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

“துணி அறைக்குள்ள போயிரு. போன தடவ உன்ன மாதிரி நாள்கூலிக்கு இருந்த ருக்மணியப் பாத்துட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தெரியும்ல.”

கமலவேணி போர்வைக் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றாள். கதவுப் பக்கம் காதைத் திருப்பினாள்.

“இங்க ஒரு இடம் காலி. அப்ப யாரும்மா வேலயப் பாக்குறது?” என்றது கிராணியின் குரல்.

“நாங்களே பாத்துக்கிறோம் சார்.”

“இத்தன கட்டிலுக்குமா? உங்களுக்கு எத்தன கை லா?”

அப்போது அப்துல் அஜீஸ் பெரியவர் இருமினார். மிச்சக் கஞ்சியைத் தானே குடித்திருக்கிறார். இருமல் கேட்கும்வரை பயமில்லை. இருமல் சட்டென நின்றது.

அவள் வெளியே ஓடினாள். பெரியவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். மீன் துண்டு ஒன்று தெறித்து விழுந்தது.

“எங்கம்மா போயிட்ட, வேணி?” என்றார் பெரியவர் மூச்சை இழுத்து.

“துணி வெளுக்க வந்த பிள்ள சார்,” என்று பொன்னம்மா முந்தினார்.

“பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுறாரே.” தம்பிராஜா கமலவேணியிடம் திரும்பினார். “வெறும் காலின்னு எழுதுனா வெளியிலேர்ந்து ஆள் போடுவாங்க. நாள்கூலிக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு எழுதுனா அந்த வேலைக்கு மொதல்ல உங்களக் கேப்பாங்க.”

“கேக்காம நிறுத்திட்டா?”

“அதுவும் நடக்கலாம். நான் எழுதத்தான் முடியும். முடிவு மேல இருக்கறவங்களோடது.”

வேண்டாம் என்று பொன்னம்மா கண்ணால் கெஞ்சினார். கமலவேணி பெரியவரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கமலவேணி,” என்றாள் கடைசியில். “புருஷன் பேரு ராஜரத்தினம். நாலு வருசமா இங்கதான் இருக்கேன்.”

தம்பிராஜா எழுதினார்; அந்தப் பேனாவைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பெரியவருக்கு மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள். பிறகு பொன்னம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கி, மீனை மசித்து அரைக் கரண்டியாக ஊட்டினாள்.