திரை பச்சையாகிப் போன வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கத்துக்கு நிறம் என்றால் பித்து. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக் கதவு ஏழு நிறம் பார்த்துவிட்டது. எதை அடிக்கலாம் என்று டவுன் பெயிண்ட் கடைக்காரரைக் கேட்பார், லோரிக்காரரைக் கேட்பார். என்னைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கத்தரிப்பூ நிற மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து நான் தானா ராத்தா டவுனுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவரிடம் எண்பத்தெட்டில் தோட்டத்துத் துரை ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதுவும் நிறம் மாற்றுகிற கம்ப்யூட்டர்! தராசில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர் ஆபீஸ் நாற்காலிக்குப் போனார். "மூணு மாசம் பார்ப்பேன். சரிவரலைன்னா பெட்டி ரிங்லெட் தோட்டத்துக்கு, நீ பழையபடி நிறுவைக்கு" என்று துரை சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கெடு.

இவர் வேலை பழகினாரா? பழகினார், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளைத் திரை பிடிக்கவில்லையாம். துரை அசந்துபோகிற மாதிரி நம் தேயிலை மலை நிறமாக வேண்டுமாம். பெட்டியில் இருப்பதோ பதினாறே நிறம். கலந்தால் புள்ளி புள்ளியாக வரும். தலைப்பு நிறத்தை மாற்றினால் ஓரம் இளிக்கும். ஓரத்தைச் சரிசெய்தால் எழுத்து மங்கும். சோற்றில் கைவைத்தாலும் அதே புலம்பல்.

"பச்சை வருது புள்ள, நம்ம பச்சை வரமாட்டேங்குது!"

"ரசம் ஆறுது, முதல்ல அதை ஊத்திக்குங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு வந்தேன். பக்கத்து ஆபீஸ் ஜன்னலில் இவர் முகம், பேயறைந்த மாதிரி. கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். துரை நிற்கிறார். திரை முழுக்கப் பச்சை. நம் பச்சையேதான்! பாவி மனுஷன் பிடித்தேவிட்டார். ஆனால் எழுத்துக்கும் கிட்டத்தட்ட அதையே போட்டுத் தொலைத்திருக்கிறார். பழையபடி மாற்றுகிற இடம் எங்கே என்று இவருக்கும் தெரியவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த, கணக்கெழுதும் பெரிய கிராணிக்கும் தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்லையே லா. பெட்டி கெட்டுப்போச்சா?" என்றார் துரை.

"இருக்கே தொரை!" என்றேன். வாய் முந்திக்கொண்டது. "மேல வரிசையா எழுத்து நிக்குது. கீழ ரெண்டு கட்டம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். இவர் மவுஸைப் பிடித்தார். நான் விரலை நீட்டி வழி சொன்னேன்.

"இன்னும் மேல போங்க. ஐயோ, தாண்டிட்டீங்க! வலது கைப்பக்கம். சி, ஓ, எல்… கலர்! அதுதான், அமுக்குங்க!"

நாலு அமுக்கில் திரை பளிச்சென்று வெள்ளையானது. பெரிய கிராணி கைதட்டியே விட்டார்.

"எப்படிம்மா தெரிஞ்சது?" என்றார் துரை.

"முத்தல் இலைக்குள்ள கொழுந்து எங்கன்னு இருவது வருசமா தேடுறேன் தொரை. இதென்ன பெரிய விசயம்?"

துரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, இவர் செய்துவைத்த வேலையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. பெட்டி இங்கேயே இருக்கட்டும். நிறத்துல மட்டும் இனி கைவைக்காதே."

ஞாயிற்றுக்கிழமை இவர் டவுனிலிருந்து இரண்டு பெயிண்ட் டின்னோடு வந்தார். வாசலில் வைத்து மூடியைத் திறந்தார். இரண்டும் பச்சை.

"கதவுக்கு எது போடலாம், பாஞ்சாலை?"

பன்னிரண்டு வருடம் கழித்துக் கேட்கிறார்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. இரண்டு டின்னையும் குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"ரெண்டும் வேணாம். மஞ்சள் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

டின் இரண்டையும் மூடிவிட்டு மோட்டாரை டவுன் பக்கம் திருப்பினார்.