வேலிக்கு மேலே வந்த மூட்டைகள்

மலை உச்சியில் இருக்கிற டார்கோட் ஓடுபாதையில் ஆட்களையும் மூட்டைகளையும் எடை போட்டு விமானத்தில் ஏற்றுகிற வேலை தனரூப் ரோகாயாவுக்கு. பதினொரு வருடமாக அதே வேலை. அதற்கு முன் ஆட்டு முதுகில் உப்புப் பை கட்டி வடக்கே போய் வந்தவன். ஒரு ஆடு எவ்வளவு தாங்கும் என்பதை அவன் கையே சொல்லிவிடும். கொஞ்சம் கூடிப்போனாலும் ஆடு படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விமானம் அப்படிப் படுத்துக்கொள்ளாது. கிளம்பும், ஓடும், பிறகுதான் தெரியும். இந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவே பதினொரு வருடம் ஆனது.

அவன் கெட்டவன் இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் சரி, அவன் கெட்டவன் இல்லை. அவனிடம் இருந்த கோளாறு வேறு. ஊரைவிட்டுப் போகிறவர் கையில் கோசெலி என்கிற வழிப்பரிசைக் கொடுக்காமல் அங்கே யாரும் வழியனுப்ப மாட்டார்கள். வால்நட், அவரை, டப்பாவில் நெய், துணியில் கட்டிய ஆப்பிள் வற்றல். கொடுத்ததை வாங்காமல் போனால் போகிற காரியம் விளங்காது. அதனால் தராசில் ஏறி இறங்கி, நெற்றியில் அரிசிப் பொட்டு வைத்துக்கொண்டு, உள்ளே போன பிறகு கம்பி வேலிக்கு மேலே கைகள் நீளும். மூட்டைகள் வரும். சால்வைக்குள் போகும். தனரூப் அந்த நேரம் பார்த்து மலையைப் பார்ப்பான். ஆளுக்கு மூன்று கிலோ, அத்தனை பெரிய விமானத்துக்கு அது என்ன பாரம் என்று நினைப்பான்.

வெயில் கொளுத்துகிற ஜேட் மாதத்து ஒரு காலை அந்தப் பழக்கம் அவன் கழுத்துக்கே வந்தது.

அவன் மகள் ஜௌகலாவுக்கு இரண்டு நாளாக வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, கீழே சமவெளியில் இருக்கிற நேபாள்கஞ்ச் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு என்று சுகாதார நிலைய நர்ஸ் சொல்லிவிட்டாள். மருமகன் இந்தியாவில் கூலி வேலையில் இருந்தான். அவள் மாமியார் சுனபதி கூடப் போவதாக ஏற்பாடு. பெட்டி படுக்கை எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு, பின் இருக்கைகளில் ஜௌகலாவைப் படுக்கவைத்தார்கள். மொத்தம் பதினாறு பேர்.

கேப்டன் சஞ்சீதா இறங்கி வந்து வெப்பமானியைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது. தனரூப்பை எல்லாரும் தாஜு, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தாஜு, இன்னைக்கு ஆயிரத்து நாப்பது கிலோதான். அதுக்கு மேல ஒரு கிலோகூட வேண்டாம். வெயில் சீக்கிரமே ஏறிடுச்சு."

தனரூப்பின் தாளில் ஆயிரத்து முப்பத்தாறு இருந்தது. தாளில் சரி. விமானத்துக்குள்ளேதான் சரியில்லை. மலை உச்சியில் காற்று ஏற்கெனவே மெலிசு. வெயில் ஏற ஏற அது தண்ணீர் விட்ட மோராக நீர்த்துப்போகும்; இறக்கைக்குப் பிடிமானம் இருக்காது, எஞ்சினுக்கு மூச்சு இருக்காது. ஓடுபாதையோ சின்னது. அதன் முனைக்கு அப்பால் தரை கிடையாது, பள்ளத்தாக்குதான். அதிலும் பத்து மணிக்கு மேல் அங்கே காற்று தாறுமாறாக அடிக்கும், அன்றைய பறப்பே ரத்தாகும்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஜௌகலாவுக்கு மட்டும் வேலிக்கு மேலே ஐந்து மூட்டை வந்ததும் தெரியும். சொன்னால் எல்லாரையும் மறுபடி எடை போட வேண்டும், நேரம் போகும், வெயில் ஏறும், விமானமே போகாமல் நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் அவன் மகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாரம் முனையை நோக்கி ஓடும். தனரூப் கதவைச் சாத்தப் போன உதவியாளனின் கையைப் பிடித்துவிட்டான்.

"மேடம், தாள் பொய். உள்ள கோசெலி இருக்கு. அம்பது கிலோவுக்கு மேல இருக்கும்."

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவும்."

கேப்டன் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் இங்க பறக்க வந்த நாலு மாசமா கடைசிக் கோட்டுக்கிட்ட வந்துதான் சக்கரம் தரையை விடுது. எஞ்சின் இளைச்சுப் போச்சுன்னு ரெண்டு தடவை பிரிக்கச் சொன்னேன். மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது உங்க நெய்யும் அவரையும்தானா தாஜு? எல்லாரையும் இறக்குங்க."

ஜௌகலாவைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். மூட்டையைத் தர யாருக்கும் மனமில்லை. "வாங்கினதைத் திருப்பிக் குடுத்தா போற காரியம் உருப்படுமா?" என்று ஒருத்தி அழுதாள். நில வழக்குக்காக நேபாள்கஞ்ச் போகிற ஹீராலால் புடா நெய் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பதினோரு வருஷமா இல்லாத சட்டம் உன் மக ஏறுற அன்னைக்குத்தான் பொறந்துச்சாக்கும்?"

தனரூப் கையை நீட்டினான். "ஆமா" என்றான். "குடு."

எல்லாவற்றையும் தராசில் ஏற்றினால் ஐம்பத்தெட்டு கிலோ. கீழே வைத்தாயிற்று. ஆனால் அதற்குள் அரை மணி போய்விட்டது. கேப்டன் மறுபடி வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தன் அட்டவணையில் விரலை ஓட்டினாள்.

"இப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நாப்பத்தாறு கிலோ குறையணும். ஒரு ஆள் நிக்கணும். பத்து நிமிஷத்துல கிளம்பலைன்னா யாருமே போக முடியாது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹீராலால் தரையைப் பார்த்தான். "மூணு வருஷ வழக்கு. நாளைக்குத் தவறினா நிலம் போச்சு."

உள்ளேயிருந்து ஜௌகலாவின் முனகல் கேட்டது. சுனபதி முக்காட்டை இழுத்துச் செருகினாள்.

"நான் எவ்வளவு?"

"நாப்பத்தேழு" என்றான் தனரூப். தாளைப் பார்க்காமலே சொன்னான்.

"அப்ப நான் நிக்கிறேன். டேய் ஹீராலால், நீ நிக்க மாட்டே, சரி. அவ பக்கத்துல போய் உக்காரு. கையைப் பிடிச்சுக்க. தண்ணி கேட்டா துணியை நனைச்சு உதட்டுல வை. போய்ச் சேர்ற வரைக்கும் நீதான் அவ மாமியார்."

யாரோ சிரித்தார்கள். ஹீராலால் சிரிக்கவில்லை. காதுவரை சிவந்து, தலையைக் குனிந்து, பின் இருக்கைக்குப் போனான்.

விமானம் பாதையின் மேல் முனைக்கு ஏறித் திரும்பி நின்றது. எஞ்சின் கத்தியது. பிரேக்கை விட்டதும் சரிவில் இறங்கி ஓடியது. பாதையின் பாதியைக் காட்டுகிற கல்லைத் தாண்டியது. தாண்டிய பிறகு நிற்க முடியாது, போயே ஆக வேண்டும். தனரூப் தன் கைகளால் எதையோ தூக்குகிறவன் போல நின்றிருந்தான். சக்கரம் தரையை விட்டது. கடைசிக் கோட்டுக்கு நிறைய முன்பாகவே விட்டது. அவன் கண்ணால் பார்த்தான். ஆனாலும் முனையைத் தாண்டியதும் விமானம் பள்ளத்தில் அமிழ்ந்து மறைந்தது. சத்தமும் மலை மடிப்பில் அடங்கியது.

சுனபதி அவன் சட்டையைப் பிடித்தாள். "எங்கே போச்சு?"

அவன் பள்ளத்தாக்கையே பார்த்தான்.

எதிர் மலையின் கறுப்பில் வெள்ளையாக ஒரு புள்ளி நகர்ந்தது. மெல்ல மேலே ஏறியது.

இறங்கிவிட்டதாக ஐம்பது நிமிடம் கழித்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மத்தியானம் போயிற்று. சுனபதி சாப்பிடவில்லை, அவனையும் சாப்பிடச் சொல்லவில்லை. வெயில் சாயும்போது போன் அடித்தது. ஹீராலால்.

"பையன். ரெண்டும் உயிரோட இருக்கு. அவளுக்கு ரத்தம் ஏத்துறாங்க, இன்னும் கண்ணு முழிக்கல. காலைல முழிச்சிருவான்னு டாக்டர் சொல்றாரு. கையெழுத்துப் போட வீட்டு ஆள் யாருன்னு கேட்டாங்க, நான்தான்னு போட்டேன். தாஜு, கேக்குதா? காலைல கோர்ட்டுக்குப் போகணும், அதுக்குள்ள யாரையாவது அனுப்பு. இவளைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

மறுநாள் முதல் விமானத்தில் சுனபதி போனாள். தனரூப்பை எடை வேலையிலிருந்து நீக்கிய கடிதமும் அதே விமானத்தில்தான் வந்தது. கேப்டன் மறைக்கவில்லை, நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அவனும் அவளைக் குறை சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று, சுனபதி ஏறிய விமானம் முனையைத் தாண்டி மறுபடி கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.