மேடைக்குப் போன என் மிருதங்கம்

சில வருடங்களுக்கு முன், மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் மிருதங்கம் வாசிக்கத் திருச்சியிலிருந்து வந்திருந்தேன். சென்னையில் அதுதான் என் முதல் கச்சேரி. துணைக்கு என் கணவரும் வந்திருந்தார். அவரும் மிருதங்கக்காரர்தான்.

மேடையேறும் நேரத்தில் பாடகர் என்னைப் பார்த்துவிட்டுச் செயலாளரிடம், "லேடீஸ் வாசிச்சா எனக்குச் சரிப்படாது சார்," என்றார்.

செயலாளர் என் கணவரிடம், "அப்போ நீங்க உக்காந்துடுங்களேன்," என்றார்.

மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மிருதங்கத்தக் குடும்மா," என்றார்.

சுருதி சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பும் ரயிலில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு," என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் வாசித்திருந்தார்.

அந்தப் பாடகர் மேலிருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. வீட்டில் இருப்பவர் மேல்தான் இன்னும் போகவில்லை.