முழுகாமல் இருந்த மாதங்கள்

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த இந்திராணி, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு சில வருஷம் கருத்தடை ஊசி போட்டு வந்தாள். தொண்ணூற்றெட்டில், இன்னொரு பிள்ளை வேண்டுமென்று அதை நிறுத்தினாள். மாதங்கள் போயின, தீட்டு வரவில்லை. ஊசி போட்ட காலத்திலும் வராததுதானே என்று அவள் சும்மா இருந்தாள். லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வயிறும் கொஞ்சம் உப்பியிருக்கவே, "இந்திராணி முழுகாம இருக்கா" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். கங்காணி அழகர், அவள் மேடு ஏறாமல் கொழுந்தெடுக்க ரோட்டோரத்துச் சமநிலத்தில் தேயிலை நிரை கொடுத்தார். அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே ஆசை வந்துவிட்டது.

ஒருநாள் மலையில் அவள் பாவாடையில் ரத்தப்பொட்டு தெரிந்ததும், கூட நின்றவர்கள் கரு கலைந்துவிட்டதென்று அழுதே விட்டார்கள்.

தோட்டத்து மிட்வைஃப் சோதித்துப் பார்த்தாள். "கலையறதுக்கு ஒண்ணும் தங்கவே இல்ல, இந்திராணி. ஊசிய நிப்பாட்டினா மாசம் தள்ளித்தான் வரும், சிலருக்கு வருஷங்கூட ஆகும். மொதல்ல இப்படிப் பொட்டுப் பொட்டாப் படும். நெறையப் போனாலோ வலிச்சாலோ ஒடனே வா."

"அப்ப புள்ள?"

"ஒடம்பு இப்பத்தான் வழிக்கு வருது. கொஞ்சம் பொறு."

லயத்துக்குத் திரும்பியபோது பெண்கள் துக்கவீடு மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்திராணிக்கு எரிச்சலாக வந்தது. மலைத்தண்ணீர் விழும் பீலியில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டபடி லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தாள்.

"முழுகியாச்சு. போய் அடுப்பப் பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே அந்தச் செய்தி கங்காணி காதுக்கும் எட்டியிருந்தது. அவர் அவளுக்குப் பழையபடி மேட்டு நிரையைக் காட்டினார்.