ஸ்டெல்லா கெளம்பிட்டாளா?

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கேட் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

1. போன்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருஷம் லேடி செக்யூரிட்டியாக இருந்தேன். பெண்களைத் தனி அறையில் சோதித்து அனுப்புவது, வண்டி நம்பர் எழுதுவது, போனை எடுப்பது எல்லாம் நான்தான். "பெட்டி கேட் அவுட் ஆயிடுச்சா?" என்று கன்டெய்னருக்குச் சொந்தக்காரப் பார்ட்டிகள் நாள் முழுக்கக் கூப்பிடுவார்கள். நேரம் பார்த்துச் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

ஆபீஸில் டேட்டா என்ட்ரி செய்த ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராபின் தினமும் சாயங்காலம் கேட்டுக்குப் போன் செய்வான்.

"அக்கா, ஸ்டெல்லா கெளம்பிட்டாளா? ஒரே டிரெய்லரா போவுற ரோடு, பேஜாரா கீது."

நேரத்தைச் சொல்வேன். கூட யார் போனார்கள் என்பதையும் சொல்வேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. "நீ ஒரு நாளாச்சும் என்னிய இப்டி விசாரிச்சிக்கிறியா?" என்று என் புருஷனிடம் சண்டைகூடப் போட்டேன். "நீ வேலைக்குத்தானே போற" என்று சொல்லிவிட்டு எனக்குத் தட்டை எடுத்து வைத்தார். மரக்கட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

2. சோதனை அறை

ஒரு மழை நாளில், கன்டெய்னர்களைப் பரிசோதிக்க வரும் சர்வேயர் ஸ்டெல்லாவைத் தன் வண்டியில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டார். அதையும் ராபினிடம் சொன்னேன்.

மறுநாள் காலை சோதனைக்குக் கையைத் தூக்கச் சொன்னேன். அவளுக்கு வலது கை எழவில்லை. அவளே சுடிதார் கையை ஏற்றிக் காட்டினாள். நான்கு விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"வண்டில போனத யாரோ அவருகிட்ட சொல்லிக்கிறாங்கக்கா. இங்க யாருன்னே தெர்ல. அதான் நான் யாரு கூடயும் சாப்புடறதுகூட இல்ல."

மூன்று மாதமாக அவள் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்தவள்தான் நான். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

3. மூன்றாவது ஓலை

அன்று சாயங்காலமும் போன் வந்தது. "கேட் டைம வெளியாளுக்குச் சொல்றதில்ல" என்றேன்.

"இன்னா வெளியாளு? கட்டிக்கப் போறவன் நானு." குரல் மாறிவிட்டது. "அவ இப்ப உன் பக்கத்துலதான் கீறாளா?"

போனை வைத்துவிட்டு ஸ்டெல்லாவோடு கல்மண்டபம் ஏரியாவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பை, ஓலை என்பார்கள், மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டு முடிந்திருந்தது.

"பாசம் ஜாஸ்தி, அதான் கோவம் வருது" என்றார் அவள் அம்மா. "ரெண்டு ஓல படிச்சாச்சு. இப்ப நிறுத்துனா ஜனம் இன்னா பேசும்?"

"பாசம்னு நானும்தான் நம்புனேன்மா" என்று நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்டெல்லா கையைக் காட்டினாள். அம்மா கன்றிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை.

ஒரு பெண்ணைப் பற்றி யார் போன் செய்தாலும் நேரம் சொல்லாதீர்கள். உன்னைக் கேட்கிறார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள், அதோடு சரி. அன்பு இருக்கிறவன் அவளிடமே கேட்பான், அவள் சொன்னதை நம்புவான்.

அன்று நான் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. எங்கே போனாய் என்று என் புருஷன் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார். நானாகத்தான் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே.