டெஸ்ட் ஓடிய புதன்கிழமை

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஓனரையும் சேர்த்து நான்கு பேர். அரூரில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். யார் எந்த நாள் வரவேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதில்தான்.

டெஸ்ட் ஓட்டுவது என் வேலை. காலையில் வந்ததும் ஒரு கமாண்ட் அடிப்பேன். அது முதலில் டெஸ்ட் டேட்டாபேஸில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். பிறகு பொய் நோயாளிகளை ஏற்றி, மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகவே பார்க்கும். பொய் நோயாளிகளுக்கு எங்கள் பெயர்களையே வைத்திருந்தோம். ஓனருக்கு நூற்று முப்பது வயது. கிண்டலுக்குப் போட்டது.

அந்தப் புதன்கிழமை எல்லா டெஸ்டும் பாஸ். டீ குடித்துக்கொண்டிருந்தபோது சென்டர் நர்ஸ் போன் செய்தார்.

“ஏங்க மேடம், இன்னைக்கு லிஸ்ட்ல எங்க ஆளுங்க ஒருத்தருமே இல்லீங்க. உங்க ஓனரு பேருதான் இருக்குது. நூத்தி முப்பது வயசாம். அவரயும் அனுப்பி வெக்கிறீங்களா?”

அவர் சிரித்தார். போனைப் பிடித்தபடியே ஓனர் அறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை மாலை சென்டரின் சர்வர் புகைந்துவிட்டதாம். ஓனர் சென்டரின் தகவல் அத்தனையையும் எங்கள் டெஸ்ட் டேட்டாபேஸில் ஏற்றி, சென்டரை அதிலேயே ஓடவிட்டிருக்கிறார். செவ்வாய் நான் லீவு. அதனால் அன்று எதுவும் அழியவில்லை. இன்று நான் அழித்துவிட்டேன்.

“ரெண்டு நாளைக்குத்தானேன்னு விட்டேன்மா. சொல்ல மறந்துட்டேன்.”

நர்ஸிடம் பேசினேன்.

“சிஸ்டர், எங்ககிட்ட திங்கக்கிழமை காப்பிதான் இருக்குது. நேத்து டாக்டர் யாருக்காவது எதாவது ஆகாதுன்னு போட்டாரா?”

“நேத்து எனக்கு டியூட்டி இல்லீங்களே. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்கதானேன்னு, ரத்தம் உறையாம இருக்கற ஊசிய ரெண்டு பேருக்குப் போட்டுட்டேன்.” அவர் சிரிப்பு நின்றிருந்தது.

“இனி யாருக்கும் போடாதீங்க. டாக்டர கூப்புடுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க.”

காத்திருந்தேன். ஓனர் ஃபேனைக் கூட்டி வைத்தார். எரிச்சலில் அதை அணைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போன் வந்தது. ஊசி போட்ட இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது நாற்காலியில் மொரப்பூரிலிருந்து வந்தவர். போன தடவை அந்த ஊசியில் உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். நேற்றுத்தான் டாக்டர் அதை நிறுத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்.

“அவருக்குத்தான் அடுத்தது எடுத்து வெச்சிருந்தேன் மேடம்” என்றார் நர்ஸ்.

ஓனர் மூச்சு விட்டார். “ஒண்ணும் ஆவலல்ல. வுடும்மா.”

விடவில்லை. டேட்டாபேஸின் பெயரைப் பார்த்து, டெஸ்டுக்கென்று தனியாக வைத்ததாக இல்லாவிட்டால் துடைப்பதற்கு முன்பே நின்றுவிடும்படி கமாண்டை மாற்றினேன். டெஸ்டுக்கென்று புதிதாக ஒரு டேட்டாபேஸும் போட்டேன். பழையதில் திங்கட்கிழமை காப்பியை ஏற்றினேன். அது சென்டருக்கே இருக்கட்டும், யாரும் தொடக்கூடாது என்று ஓனரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை கமாண்ட் அடித்தேன். டேட்டாபேஸின் பெயர் டெஸ்டுக்கானது இல்லை என்று ஓடாமல் நின்றது. புதியதில் இடம் அதிகம் என்று ஓனர் ராத்திரியே சென்டரை அதற்கு மாற்றி, அதன் பெயரையும் மாற்றியிருந்தார். இந்தத் தடவையும் யாரிடமும் சொல்லவில்லை.